யாருக்கும் சொந்தமில்லாத நிலம்

(எங்கள் ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடைப் பேச்சு என்பதால் அங்கங்கே வளவளப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அய்யா அவர்களே, அருமையான வரவேற்புரையைக் கொஞ்சம் நீளமாகவே ஆற்றிய செயலாளர் தம்பி அவர்களே, கிளை நூலகத்தைத் தன் வீடு மாதிரி பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மா அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, சாயங்கால நோயாளிகளைச் சீக்கிரம் பார்த்து அனுப்பிவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் டாக்டர் அய்யா அவர்களே, பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு இன்னும் கிளம்பாத வார்டு உறுப்பினர் அவர்களே, இந்தக் கல்யாண மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்திருக்கும் அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

அண்ணாச்சியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால்தான் மண்டபம் கிடைத்தது என்று பின்னால் யாரோ பேசியது எனக்குக் கேட்டது. அப்படிச் சொல்லக் கூடாது. ஏசியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அண்டார்க்டிகா பற்றிப் பேச்சு என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு டிகிரி குறைத்துவிட்டார் போல. டாக்டர் அய்யாவே துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பேச்சின் கடைசியில் அண்ணாச்சியிடம் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன். அதுவரை அவர் எழுந்து போய்விடக் கூடாது.

இன்றைக்கு ஐந்து விஷயம் பேசுவதாகத் திட்டம். ஒன்று, அண்டார்க்டிகா என்ற அந்த நிலம். இரண்டு, அதன் மேல் கிடக்கும் பனி. மூன்று, அங்கே இருக்கும் உயிர்கள், குறிப்பாகப் பெங்குவின். இரண்டு வரிசைப் பிள்ளைகள் அதற்காகவே வந்திருக்கிறார்கள். நான்கு, அங்கே போன மனிதர்கள். ஐந்து, அந்த இடத்தைக் காக்கிற சட்டம்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. எங்கள் ஆச்சி எதற்கெடுத்தாலும் இதைத்தான் சொல்வாள்: ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பந்தியில் அடுத்தவன் வீட்டு நெய்யைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றுகிறவனைப் பற்றிய பேச்சு அது. நெய்க்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நின்றாலே இந்தக் கதி. சொந்தக்காரனே இல்லாத நெய் என்றால்? அப்படி ஒரு பானை பூமியின் தென்கோடியில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதற்கென்று பூர்வகுடி மக்கள் கிடையாது, அரசாங்கம் கிடையாது, பட்டா கிடையாது.

அதில் நூற்றுக்கு 98 பங்கு பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கிறது. பனி என்றதும் மார்கழி மாதத்துப் புல் நுனியை நினைக்கக் கூடாது. அங்கே பனிக்கட்டியின் சராசரிக் கனமே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். சில இடங்களில் நாலரை கிலோமீட்டரையும் தாண்டும். உலகத்தில் இருக்கிற பனிக்கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரே இடத்தில் இருக்கிறது. நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால் உலகத்து இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம். ஆனாலும் அது பாலைவனம்தான்! தென்துருவத்தில் ஒரு வருடம் முழுக்க விழும் பனியை உருக்கினால் சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். லட்சக்கணக்கான வருடங்களாக, விழுந்தது உருகாமல் சேர்ந்து சேர்ந்துதான் அந்தக் கனம்.

குளிர் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1983 ஜூலை 21 அன்று ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. தரையில் தெர்மாமீட்டர் வைத்து அளந்ததில் உலகத்திலேயே அதுதான் குறைந்தது. வோஸ்டாக் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 3488 மீட்டர் உயரத்தில். நம் ஆனைமுடியைவிட உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காலுக்குக் கீழே கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனிக்கட்டி, அதற்கும் அடியில் உறையாத ஒரு பெரிய ஏரி. ஆமாம், ஏரிதான். ஏரி என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இவ்வளவு பனியும் சும்மா கிடக்கிறதா என்றால் இல்லை. தோசைக்கல்லின் நடுவில் ஊற்றிய மாவு ஓரத்தைப் பார்த்துப் பரவுகிற மாதிரி, நடுவில் சேர்ந்த பனி தன் பாரத்தாலேயே மெதுவாகக் கடலைப் பார்த்து நகர்கிறது. தென்துருவத்தில் அமெரிக்கர்கள் வருடம் முழுக்க ஆள் இருக்கும் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். துருவம் இதுதான் என்று காட்ட அங்கே ஒரு கம்பம் உண்டு. பனி வருடத்துக்குச் சுமார் 10 மீட்டர் நகர்வதால், அந்தக் கம்பமும் பனியோடு சேர்ந்து போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் துருவம் எங்கே என்று மறுபடி அளந்து புதிதாக ஒரு கம்பம் நடுகிறார்கள். நம் ஊரில் சர்வே கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்துகிறவர்கள் உண்டு. அங்கே அந்த வேலையைப் பூமியே செய்கிறது.

ஓரத்துக்கு வந்த பனி கடலில் மிதக்கும் பனித்தட்டாக நிற்கும், அப்புறம் உடையும். 2002ஆம் ஆண்டு லார்சன் பி என்ற பனித்தட்டில் சுமார் 3250 சதுர கிலோமீட்டர் ஏறக்குறைய ஒரு மாதத்தில் நொறுங்கிப் போனது. மிதக்கிற பனி உடைவதால் கடல் மட்டம் பெரிதாக ஏறாது. ஆனால் அது பின்னால் இருக்கும் தரைப் பனிக்குத் தடுப்புச் சுவர். சுவர் போனால் பின்னால் இருப்பது வேகமாக இறங்கும். செயற்கைக்கோள் எடுத்த எடைக்கணக்குப்படி, இந்த நூற்றாண்டில் அண்டார்க்டிகா வருடத்துக்குச் சுமார் 15,000 கோடி டன் பனிக்கட்டியை இழந்து வருகிறது. மொத்தமும் உருகினால் கடல் 58 மீட்டர் ஏறும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும், இன்று ராத்திரி யாரும் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அதில் ஒரு மீட்டர் ஏறினாலே நம் கடலோரத்து மீனவக் குப்பங்களுக்கும் உப்பளங்களுக்கும் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பனிக்குள் பழைய காற்று சிறைப்பட்டிருக்கிறது. பனி விழும்போது இடுக்கில் மாட்டிய காற்றுக் குமிழிகள் அப்படியே உறைந்து கிடக்கின்றன. டோம் சி என்ற இடத்தில் துளை போட்டு எடுத்த பனித்தண்டில் 8 லட்சம் வருடத்துக் காற்று இருந்தது. அந்த 8 லட்சம் வருடத்தில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்கு என்ற அளவைத் தாண்டவே இல்லை. இன்று 420ஐத் தாண்டிவிட்டோம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினால் தனிக் கூட்டம் போட வேண்டும். ஓசோன் ஓட்டைக் கதையும் அப்படித்தான். 1985இல் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்து அளவுகளை வைத்து மூன்று பிரிட்டிஷ்காரர்கள் அதை உலகத்துக்குச் சொன்னார்கள், இரண்டே வருடத்தில் மான்ட்ரியாலில் ஒப்பந்தம் வந்தது. தலைவர் அனுமதித்தால் அடுத்த மாதம்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். முதலில் போனவர்கள் நெய்ப் பானையைப் பார்த்துப் போனவர்கள்தான். தென் ஷெட்லாண்ட் தீவுகள் 1819இல் கண்ணில் பட்டன. செய்தி பரவியதும் ரோமத்தோலுக்காகக் கடல்நாய் வேட்டைக் கப்பல்கள் படையெடுத்தன. சில பருவங்களிலேயே அங்கிருந்த கடல்நாய்க் கூட்டத்தை ஏறக்குறைய வழித்தெடுத்துவிட்டார்கள். அடுத்தது திமிங்கிலம். 1904இல் தென் ஜார்ஜியா தீவின் கிரித்விகென்னில் நார்வேக்காரர்கள் திமிங்கில ஆலை போட்டார்கள். அந்த நூற்றாண்டில் தென்பாதிக் கடல்களில் கொன்ற திமிங்கிலம் 20 லட்சம். அண்டார்க்டிகா கடலில் இருந்த நீலத் திமிங்கிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நெய்க்காகப் போகாதவர்களும் உண்டு. நார்வேயின் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தில் கொடி நட்டார். இங்கிலாந்தின் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்தபோது அங்கே நார்வேக் கொடி இருந்தது. திரும்பும் வழியில் ஸ்காட்டும் கூட வந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு விஷயம்தான் பலருக்குத் தெரியாது. பசி, உறைபனிப் புண், உயிர் போகிற நிலை. அந்த நேரத்திலும் அவர்கள் வழியில் பொறுக்கிய சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகளைச் சறுக்கு வண்டியில் கடைசிவரை இழுத்து வந்திருக்கிறார்கள். எட்டு மாதம் கழித்துத் தேடிப் போனவர்கள் உடல்களோடு கற்களையும் கண்டெடுத்தார்கள். அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலைப் பதிவு இருந்தது. அதே இலை நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளில் குவிந்து கிடக்கிறது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நிலம், கோண்டுவானா. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளுக்கு ஜோடிப் பாறைகள் கிழக்கு அண்டார்க்டிகாவில் இருக்கின்றன. 13 கோடி வருடத்துக்கு முன்னால் பாகப்பிரிவினை நடந்து நாம் வடக்கே வந்துவிட்டோம். பங்காளி அங்கேயே நின்றுவிட்டான்.

அந்தப் பங்காளி வீட்டுக்கு நம் ஆட்கள் முதலில் போனது 1982 ஜனவரியில். டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலில் கிளம்பிப் போனார்கள். பிறகு தட்சிண் கங்கோத்ரி என்று ஒரு நிலையம் கட்டினோம். அது பனிக்குள் புதைந்துகொண்டே போனதால் கைவிட வேண்டி வந்தது. 1989இல் ஷிர்மாகர் என்ற பாறை நிலத்தில் மைத்ரி வந்தது. 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் பாரதி. பாரதி நிலையத்தின் உடம்பு 134 சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கி இணைத்துக் கட்டியது. மைத்ரிக்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் பிரியதர்சினி ஏரியிலிருந்து வருகிறது. மறுபடியும் ஏரி! அந்த ஏரியில் ஒரு சாக்லேட் தாளை வீசினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? வருகிறேன், வருகிறேன்.

மைத்ரி இருக்கும் அதே பாறை நிலத்தில், சில கிலோமீட்டர் தள்ளி, ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாது, விடுங்கள். அங்கே நடந்ததை டாக்டர் அய்யா இருக்கும் இந்தச் சபையில் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

1961ஆம் வருடம். அப்போதுதான் நிலையத்தைக் கட்டி முடித்திருக்கிறார்கள். கப்பல் போய்விட்டது. இனி அடுத்த வருடம்தான் வரும். குளிர்காலத்துக்குத் தங்கியது மொத்தம் 13 பேர். அதில் ஒரே ஒரு மருத்துவர், லியோனித் ரோகசோவ். வயது 27. ஏப்ரல் 29 காலையில் அவருக்கு உடம்பு சரியில்லை. சோர்வு, குமட்டல், காய்ச்சல். அப்புறம் வயிற்று வலி. வலி மெல்ல நகர்ந்து வலது பக்கம் அடிவயிற்றில் வந்து நின்றது. டாக்டர் அய்யா தலையை ஆட்டுகிறார், அவருக்குத் தெரிந்துவிட்டது. ரோகசோவுக்கும் தெரிந்துவிட்டது. அப்பெண்டிக்ஸ்! குடல்வால் அழற்சி.

நமக்கு வந்தால் என்ன செய்வோம்? ஆட்டோவைக் கூப்பிடுவோம், டாக்டர் அய்யாவிடம் வருவோம், அவர் மாவட்டத் தலைநகருக்கு எழுதிக் கொடுப்பார். ரோகசோவ் யாரிடம் போவார்? அங்கே டாக்டரும் அவர்தான், நோயாளியும் அவர்தான். அடுத்த ரஷ்ய நிலையம் 1600 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில். விமானம் வரலாமா என்றால் வெளியே பனிப்புயல். மருந்து கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. வெடித்தால் முடிந்தது கதை. கடைசியில் அந்த மனுஷன் ஒரு முடிவுக்கு வந்தார்: என் வயிற்றை நானே கிழித்துக்கொள்கிறேன்.

உதவிக்கு யார் என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் வானிலை பார்க்கிறவர், இன்னொருவர் வண்டி ஓட்டுகிற மெக்கானிக். வானிலைக்காரர் கருவி எடுத்துக் கொடுக்க வேண்டும். மெக்கானிக் கண்ணாடி பிடிக்க வேண்டும், விளக்கைத் திருப்ப வேண்டும். இந்த இரண்டு பேரில் யாராவது மயங்கி விழுந்தால் அந்த இடத்தில் நிற்க நிலையத் தலைவரும் அறைக்குள் தயார். ரோகசோவ் தானே மயங்கிவிட்டால் எந்த ஊசியைப் போட வேண்டும், மூச்சை எப்படி ஊத வேண்டும் என்று முன்கூட்டியே இவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டார். கட்டிலில் பாதி சாய்ந்த நிலையில் இடது பக்கமாக ஒருக்களித்துக்கொண்டார். முழு மயக்கம் கொடுக்க முடியாது. கை வேலை செய்ய வேண்டுமே. வயிற்றுத் தோலுக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறினார். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரிகிறது, கை தடுமாறுகிறது. கையுறையைப் போடாமல் விரலால் தடவியே வேலையைச் செய்தார். உள்ளே போகும்போது குடலில் ஒரு இடம் காயமாகிவிட்டது, அதையும் அவரே தைத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதும் தலை சுற்றல். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது விநாடி கண்ணை மூடி ஓய்வு, பிறகு மறுபடி கத்தி. கண்ணாடி பிடித்தவரின் முகம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிட்டதாம். கடைசியில் குடல்வால் கையில் வந்தது. அடியில் கறுப்பு. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வெடித்திருக்கும். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

கைதட்டலாம், தப்பில்லை. டாக்டர் அய்யா கைதட்டுகிறார் பாருங்கள். இரண்டு வாரத்தில் அந்த மனிதர் வேலைக்குத் திரும்பிவிட்டார். 2000ஆம் வருடம் வரை வாழ்ந்தார். பின்னாளில் சிலி நாட்டின் வீயா லாஸ் எஸ்ட்ரெயாஸ் என்ற அண்டார்க்டிகா குடியிருப்பில் நீண்ட நாள் தங்கப் போனவர்கள் குடல்வாலை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது, குழந்தைகள் உட்பட.

ஆனால் நான் இதைச் சொல்ல வந்தது வீரத்துக்காக மட்டும் இல்லை. தையல் போட்டு முடித்ததும் ரோகசோவ் என்ன செய்தார் தெரியுமா? தூக்க மாத்திரை போடுவதற்கு முன்னால், கருவிகளை எப்படிக் கழுவி எங்கே எடுத்து வைக்க வேண்டும், மற்ற சாமான்களை என்ன செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு பேருக்கும் சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் படுத்தார். தன் வயிற்றைத் தானே தைத்த மனிதன் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் படுக்கிறான். நம் ஊரில் ஒரு காதுகுத்து விழா முடிந்தால், நல்ல உடம்போடு இருக்கிற நானூறு பேர் தண்ணீர் பாட்டிலை இருந்த இடத்தில் போட்டுவிட்டுப் போகிறோம்.

வார்டு உறுப்பினர் சிரிக்கிறார். சட்டத்துக்கு வந்துவிடுகிறேன்.

1950களில் ஏழு நாடுகள் அந்தக் கண்டத்தைத் துண்டு போட்டுச் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தன. பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா. இதில் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்று பேருடைய துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும். இன்னொரு பக்கம் ஒரு பெரிய துண்டை யாருமே கேட்கவில்லை. அர்ஜென்டினா பின்னாளில் ஒரு கர்ப்பிணியைத் தன் எஸ்பெரான்சா முகாமுக்கு அனுப்பி, 1978 ஜனவரி 7 அன்று அங்கே ஒரு குழந்தையைப் பிறக்க வைத்தது. இங்கே பிறந்த பிள்ளை இருக்கிறது, ஆகவே இடம் எங்களுடையது என்று சொல்வதற்கு! புறம்போக்கில் குடிசை போட்டு ரேஷன் கார்டு வாங்குகிற தந்திரம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். இருந்தும் ஒத்துக்கொண்டார்கள்: ராணுவ முகாம் கிடையாது, அணுகுண்டு வெடிப்பு கிடையாது, அணுக்கழிவு கொட்டக் கூடாது. சொந்தம் கொண்டாடியவர்களின் வழக்கைத் தீர்க்கவும் இல்லை, தள்ளுபடி செய்யவும் இல்லை. அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். அந்த ஊருக்குப் பொருத்தமான தீர்ப்பு. இந்தியா 1983இல் சேர்ந்தது. இன்று 50க்கு மேற்பட்ட நாடுகள். 2022இல் நம் பாராளுமன்றமும் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது.

ஆனால் ஒப்பந்தம் வந்த புதிதிலும் பழைய புத்தி போகவில்லை. மக்மர்டோ என்பது அங்கே இருப்பதிலேயே பெரிய நிலையம், அமெரிக்கர்களுடையது. பல வருடங்கள் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தார்கள். எரியாததை உறைந்த கடல் மேல் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கோடையில் பனி உருகினால் எல்லாம் கடலுக்குள் போய்விடும், கண்ணுக்கு மறைந்தது கணக்குக்கும் மறைந்தது. அங்கே 1962 முதல் 1972 வரை ஒரு சின்ன அணு உலைகூட ஓட்டினார்கள். மூடும்போது கதிரியக்கம் பட்ட மண்ணை ஆயிரக்கணக்கான டன் தோண்டி, கப்பலில் ஏற்றி, அமெரிக்காவுக்குத் திருப்பி எடுத்துப்போக வேண்டி வந்தது. ஊரார் வீட்டு நெய்யே என்று ஊற்றியவன், தரையில் சிந்தியதை நக்கி எடுக்க வேண்டிய கதை!

1987இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காரர்கள் மக்மர்டோ இருக்கும் அதே தீவில் ஒரு சிறு முகாம் போட்டு, மற்றவர்கள் கொட்டுவதைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். வேலை முடிந்ததும் தங்கள் முகாமையும் பிரித்துக் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். 1991இல் மாட்ரிட் உடன்படிக்கை வந்தது. 1998இல் நடைமுறைக்கு வந்தது. சுரங்கம் தோண்டவே கூடாது என்று தடை. 2048இல் இந்தத் தடை காலாவதி ஆகிவிடும் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, நம்பாதீர்கள். அந்த வருடத்துக்குப் பிறகு உறுப்பு நாடு கேட்டால் மறுபரிசீலனை மாநாடு கூட்டலாம், அவ்வளவுதான். தடை தானாக விழாது.

எனக்குப் பிடித்தது அந்த உடன்படிக்கையின் குப்பைப் பகுதி. பிளாஸ்டிக், பேட்டரி, காலி எண்ணெய் பீப்பாய், கொண்டுவந்தவன் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பார்சலில் வைக்கும் தெர்மாகோல் உருண்டை உள்ளே வரவே கூடாது. பழைய குப்பைமேடுகளை அதை உண்டாக்கியவனே சுத்தம் செய்ய வேண்டும். நாய்களைக்கூட 1994 ஏப்ரலுக்குள் வெளியேற்றச் சொல்லிவிட்டார்கள். கடல்நாய்களுக்கு நோய் தொற்றும் என்ற பயம். கோழிக்கறி சாப்பிட்டால் மிச்சத்தை எரிப்பானில் போட வேண்டும், அல்லது மூட்டை கட்டி எடுத்துப்போக வேண்டும். சுற்றுலாக் கப்பல்களில் இப்போது ஒரு பருவத்துக்கு லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். அவர்களும் இறங்குவதற்கு முன் செருப்பைக் கழுவ வேண்டும். சட்டைப் பையில் புல் விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஒரு கரையில் 100 பேருக்கு மேல் கால் வைக்க முடியாது. பிரியதர்சினி ஏரியில் சாக்லேட் தாளை வீசினால் என்ன ஆகும் என்று கேட்டேனே, வீசியவன் ஊர் திரும்பும் கப்பலில் தாளும் கூடவே வர வேண்டும். அதுதான் சட்டம்.

இவ்வளவு செய்தும் தப்பவில்லை. மக்மர்டோ இருக்கும் ராஸ் தீவுப் பக்கம் 19 இடத்தில் புதுப் பனியை எடுத்து நியூசிலாந்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. 19 இடத்திலும் பிளாஸ்டிக் துகள். அதில் அதிகம் இருந்த வகை, தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக். துணியிலும் அதுதான் இருக்கிறது. கொஞ்சம் பக்கத்து நிலையத்திலிருந்து வந்திருக்கலாம், கொஞ்சம் காற்றோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கலாம் என்கிறார்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார், ஐந்து நிமிடம். பெங்குவின் பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் மன்னிக்க வேண்டும், நூலகர் அம்மா படப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு ஏரி முக்கியம்.

நம் பெரிய ஏரி யாருடையது? நானும் இரண்டு நண்பர்களும் மனு எடுத்துக்கொண்டு அலைந்தோம். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது, அது மூன்றாவதைக் கைகாட்டியது. அங்கேயாவது ஏழு பேர் என்னுடையது என்று சண்டை போட்டார்கள். இங்கே யாருமே ஏற்றுக்கொள்ளவில்லை. கொட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் உரிமை. தெற்குக் கரையில் போய்ப் பாருங்கள்: பிளாஸ்டிக் பூசிய இலை, ஐஸ்கிரீம் கப், மூடி பிரிக்காத சாம்பார் பொட்டலம், குவியல் குவியலாகத் தண்ணீர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. இருந்தும் குவியல் வளர்கிறது. எங்கள் ஆச்சி இருந்திருந்தால் பழமொழியைத் திருப்பிப் போட்டிருப்பாள்: நெய் நம் வீட்டில், எச்சில் இலை ஊரார் ஏரியில்.

ஆகவே அண்ணாச்சி, கோரிக்கை இதுதான். இந்த ஊரில் நான்கு மண்டபம் இருக்கிறது. நீங்கள் ஆரம்பித்தால் மற்ற மூன்று பேரும் பின்னால் வருவார்கள். முன்பணம் வாங்கும்போதே ரசீதில் ஒரு வரி அச்சடியுங்கள்: கொண்டுவந்த பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தவரே எடுத்துச் செல்ல வேண்டும். சமையல் ஒப்பந்தக்காரரிடம் கொஞ்சம் வைப்புத்தொகை வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தமாக எடுத்துப் போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாட்டிலுக்குப் பதில் குடிநீர் டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும் வாடகைக்கு விடலாம், அதில் உங்களுக்கும் வருமானம். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியில் நின்றுகொண்டு கோழி எலும்பைப் பொறுக்கி மூட்டை கட்டுகிறார்கள். இங்கே ஏசி இருக்கிறது.

அண்ணாச்சி தலையாட்டியதை எல்லாரும் பார்த்தீர்கள். செயலாளர் தம்பி, நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வார்டு உறுப்பினர் இன்னும் இருக்கிறார், நல்லது. வாசல் மேசையில் ஏரி மனு வைத்திருக்கிறோம். அவர்தான் முதல் கையெழுத்து. பெரியவர்கள் பெயரோடு கதவு எண்ணும் எழுதுங்கள், போன மனு அது இல்லாததால் திரும்பி வந்தது. ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தெற்குக் கரையில் கூடுகிறோம், கையுறை நாங்கள் தருகிறோம், சாக்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். பின்னால் டீ தயாராக இருக்கிறது. டம்ளரில்தான் தருவார்கள், குடித்ததும் நாற்காலிக்கு அடியில் வைக்காமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.